கொடிக்குள்ள லோடுமேனுங்க

விஜி பந்தலுக்குள்ள குனிஞ்சு நொழஞ்சப்ப மொதல்ல கண்ணுல பட்டது ஒரு கொடி நுனி. கம்பியப் பிடிச்சு நேரா ஓடிக்கிட்டிருந்த நுனி, கழுத்து சுளுக்குனது கணக்கா கீழ மடங்கி, மறுபடி மேல பாத்து நின்னுச்சு. கொழுந்து எலயெல்லாம் விரியாம விசிறி மடிப்பு மடிச்சுக் கெடந்துச்சு. ஒண்ணு ரெண்டுல இருந்தா பூச்சின்னு விட்ரலாம். அவ நிமிந்து பாத்தா பந்தல் பூராம் அப்பிடித்தான்.

"அப்பா, இங்கன வாங்க"ன்னு கூப்பிட்டா. கூப்பிட்ட சத்தம் அவ காதுக்கே நல்லாயில்ல.

சுருளிப்பட்டியில கோட்டைச்சாமி தோட்டம்னா பன்னீர் திராட்சைக்குப் பேர் போனது. விஜி ஒண்ணாப்பு சேந்த வருசம் வச்ச கொடி. கல்லுக்கால் ஊண்டி, கம்பி இழுத்து, படர விட்டு, கவாத்து மேல கவாத்து பண்ணி, அடித்தூரு இப்ப ஆம்பள கெண்டக்கால் மொத்தம். வீட்டுச் சோறு, விஜி காலேசுப் படிப்பு, அவ ஆத்தா சங்கிலியம்மாள் கழுத்துல கெடக்குறது, எல்லாமே அந்தப் பந்தலுக்குக் கீழருந்து வந்ததுதான். அது ரெண்டாயிரத்து ஏழாம் வருசம், ஆனி மாசம். காயி பட்டாணி அளவுக்குத் தெரண்டு கொத்துக் கொத்தாத் தொங்கிக்கிட்டிருந்துச்சு.

கோட்டைச்சாமி வந்தாக. எலயத் தொட்டுப் பாத்தாக, மோந்து பாத்தாக. முந்தாநேத்துத்தான் மருந்தடிச்சிருந்தாக. சாரல் விடாம பேஞ்சா எலைக்கு அடியில வெள்ளையாப் பூசணம் பிடிக்கும். அதுக்கு மயில்துத்தத்தயும் சுண்ணாம்பயும் டிரம்முல கரைச்சு அடிக்கிறது வருசா வருசம் வழக்கம்தான்.

"துத்தம் தூக்கலாப் போச்சோ?"

"துத்தம் கூடுனா எல கருகும்ப்பா. இது கருகல. திருகுது."

அந்நேரம் பாத்து வாய்க்கால் தாண்டி அழகர் மம்பட்டியோட வந்தாக. அழகர் சங்கிலியம்மாளுக்குக் கூடப்பொறந்த அண்ணன். வாய்க்காலுக்கு அங்கிட்டு அவுக நெல்லு, இங்கிட்டு இவுக திராட்சை. வாயத் தொறந்தா கேலி இல்லாம பேச மாட்டாக.

"என்னா மாப்ள, அப்பனும் மகளும் வானத்தயே பாக்குறீக? மழைக்கு மனு போடுறீகளா?"

சொல்லிக்கிட்டே எலயப் பாத்தாக. மம்பட்டியக் கீழ வச்சுட்டாக.

"மாப்ள... எந்த டிரம்முல மருந்து கலக்குனீக?"

"ஒங்க டிரம்முலதான். எங்களது அடி வெடிச்சுப் போச்சுன்னு ஒங்க தங்கச்சி வாங்கியாந்தா."

அழகர் தலையில கைய வச்சு அப்பிடியே வரப்புல உக்காந்துட்டாக. அந்த டிரம்முலதான் அவுக நெல்லுக்குக் களைக்கொல்லி கலக்கியிருந்தாக. டூ-ஃபோர்-டி. நெல்ல விட்டுட்டு அகல எலக்காரன மட்டும் கொல்லுற மருந்து. அதுக்கு நெல்லுக்கு நடுவுல மொளச்ச கீரையும் ஒண்ணுதான், திராட்சையும் ஒண்ணுதான்.

சத்தம் கேட்டு வீட்டுலருந்து சங்கிலியம்மாள் ஓடியாந்தாக. சேதி கேட்டதும் நம்பல.

"மூணு தண்ணி ஊத்திக் கழுவுனேண்ணே. கடேசித் தண்ணியில மஞ்சளக் கரைச்சு ஊத்துனேன். டிரம்முக்குள்ள தலைய விட்டு மோந்து பாத்தேன், ஒரு வாடையும் இல்ல. மஞ்ச வாசம்தான் அடிச்சிச்சு."

அவுக வளந்த வளப்பு அப்பிடி. எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த அண்டான்னாலும் மூணு தண்ணி, கடேசியில மஞ்சத்தண்ணி. அதோட எல்லாம் போயிரும். போகாதது ஒண்ணு உலகத்துல இருக்குன்னு அவுகளுக்கு யாரும் சொன்னதில்ல.

அழகர் செல்லுல கம்பத்து வேளாண்மை ஆபீசருக்குப் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சாக. அவரு எல்லாத்தயும் கேட்டுட்டுச் சொன்னாரு: "ரெண்டு வழிதாங்க இருக்கு. விசம் எலையிலருந்து தூருக்கு எறங்குறதுக்குள்ள கொப்பு பூராத்தயும் வெட்டித் தள்ளுனா, வேரு தப்பிக்கலாம். காய் போயிரும். இல்ல, டிரம்முல ஒட்டியிருந்தது கொஞ்சம்தான்னா கொடி தானாத் தெளிஞ்சாலும் தெளியும். எவ்வளவு ஏறியிருக்குன்னு நான் இங்கன இருந்து எப்பிடிச் சொல்ல?"

அழகர் போன வச்சாக. வெட்டுனா இந்த வருசத்துக் காய் போச்சு. வெட்டாம விட்டு விசம் எறங்கிட்டா கொடியே போச்சு. எது வேணும்னு நின்ன நெலையில முடிவு பண்ணணும். கோட்டைச்சாமி ஒரு கொத்தக் கையில ஏந்திப் பாத்தாக. காயி பளபளன்னு இருந்துச்சு, ஒண்ணுமே நடக்காதது மாதிரி.

"நம்ம புள்ளைட்ட அந்தக் கொழா இருக்குல்ல"ன்னாக. "உள்ள உசுரு இருக்கா, இல்லயான்னு அவ பாத்துச் சொல்லட்டும்."

கொழான்னு அவுக சொன்னது மைக்ராஸ்கோப்ப. விஜி எம்.எஸ்ஸி. தாவரவியல் கடேசி வருசம். லீவுல புராஜெக்ட் செய்யணும்னு அவ மேடம் ஜெபமணி, காலேசுப் பரண்ல கெடந்த பழய மைக்ராஸ்கோப் ஒண்ணத் தொடச்சுக் குடுத்தனுப்பிச்சிருந்தாக. அத ஜன்னலோரம் தையல் மிசின் மேல வச்சு, முல்லையாத்து வாய்க்கால்ல பாசி அள்ளியாந்து, பொழுதன்னைக்கும் பாத்துக்கிட்டிருப்பா. "ஊருல புள்ளைக டி.வி. பாக்குது, எம்மக பாசியப் பாக்குறா"ன்னு சங்கிலியம்மாள் வாரவுக போறவுககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பாக.

அவ பாத்தது பாசிக்குள்ள ஓடுற ஓட்டத்த. எல ஒரே எடத்துல நிக்குதுன்னு நெனைக்கிறோம். உள்ள ஒவ்வொரு செல்லுலயும் பச்ச மணிக வரிசையா, சொவர ஒட்டிச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும். அது தண்ணி இழுத்துட்டுப் போற ஓட்டம் இல்ல. செல்லுக்குள்ள இழை இழையாத் தடம் கெடக்கு. அந்தத் தடத்துல மயோசின்னு ஒரு புரதம், ரெண்டு கால் வச்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணு எடுத்து வச்சு நடக்குது, முதுகுல சரக்கோட. கினசின்னு இன்னொரு கூட்டம் இருக்கு, அது வேற தடம். செல்லு ரெண்டாப் பிரியிறப்ப நடுவுல சொவரெழுப்பச் சாமான் கொண்டாந்து எறக்குறது அவுகதான்.

இத விஜி மொதல்ல சொன்னப்ப கோட்டைச்சாமி காப்பிய வச்சுட்டுக் கேட்டாக.

"அப்ப நம்ம கம்பம் வாழக்கா மண்டியில தார் சொமக்குற லோடுமேனுக மாதிரிங்கிற."

"அதேதாம்ப்பா."

"கூலி யாரு குடுக்குறா?"

"ஏ.டி.பி.ன்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு எட்டுக்கும் ஒண்ணு குடுக்கணும்."

"எட்டு எட்டுக்கா? நம்ம ஆளுக தேவல போலயே, நடைக்குத்தான் கேக்குறாக!"

அன்னைலருந்து டீக்கடையில எல்லாருட்டயும் "எம்மக லோடுமேன் படிப்பு படிக்கிறா"ன்னுதான் சொல்லுவாக. கேலி மாதிரி இருக்கும். ஆனா சொல்றப்ப நெஞ்சு நிமிரும்.

அந்த நெஞ்சுதான் இப்ப அவ மூஞ்சியப் பாத்து நின்னுச்சு.

விஜி ஒரு கொடிச் சுருள ஒடிச்சுட்டு வந்தா. பிளேடால தோல மெல்லிசா உரிச்சு, கண்ணாடியில ஒரு சொட்டு தண்ணி விட்டு வச்சு மூடுனா. ஜன்னலுக்கு வெளிய அப்பா, வாசப்படியில ஆத்தா, முத்தத்துல மாமா.

கண்ண வச்சா. மைக்ராஸ்கோப்புக்கு அடியில இருந்த கண்ணாடிய இங்கிட்டு அங்கிட்டுத் திருப்பி வெளிச்சத்தக் கொண்டாந்தா. செல்லு தெரிஞ்சுச்சு. நடுவுல நூலு நூலாத் தடம். அதுல...

ஓடுச்சு. பொடி மணிக சரசரன்னு ஓடுச்சு. அவ வாய்க்கால் பாசியில பாத்த ஓட்டமெல்லாம் இதுக்கு முன்னால மாட்டு வண்டி. கம்பமெட்டு எறக்கத்துல வார எஸ்டேட் ஜீப்பு கணக்கா மடமடன்னு ஓடுது. இன்னொரு கொடி, இன்னொரு சுருள். அதுலயும் அதே ஓட்டம்.

"ஓடுதுப்பா!" கத்திட்டா. "நல்லா ஓடுது. பாசிய விட வேகமா ஓடுது. செத்த செல்லுல ஓடாதுப்பா, விசம் ஏறியிருந்தா நின்னுருக்கணும்."

அழகர் முத்தத்துல உக்காந்து துண்டால மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுதாக. சங்கிலியம்மாள் அண்ணன் முதுகுல ஒரு அடி வச்சாக, "எந்திரிண்ணே, காளியாத்தா காப்பாத்திட்டா." கோட்டைச்சாமி மக தலையில கைய வச்சாக. வெட்டுறதுக்கு எடுத்து வச்சிருந்த கவாத்துக் கத்தரியத் திரும்பக் கொண்டுபோயி ஆணியில மாட்டுனாக.

சாயந்தரம் டீக்கடையில சொன்னாகளாம்: "ஆபீசருக்கே தெரியலண்டாரு. எம்மக உள்ள பூந்து பாத்துட்டா."

ரெண்டு மூணு நாளு எல்லாரும் நல்லாத்தான் இருந்தாக. கொடி மட்டும் நல்லால்ல. புதுசா வந்த கொழுந்து எல, எலயாவே இல்ல, நரம்பு நரம்பா நூலாட்டம் வந்துச்சு. கொப்புல கணுவுக்குக் கணு வீங்கித் தோலு வெடிச்சுச்சு. காயி பட்டாணி அளவுலயே நின்னுபோச்சு.

"தெளியிறப்ப அப்பிடித்தான் இருக்கும், காய்ச்சக்காரன் கணக்கா"ன்னாக கோட்டைச்சாமி. "உள்ள ஓடுதுல்ல?"

"ஓடுதுப்பா"ன்னா விஜி.

ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா தெனம் பாக்குறப்ப தெனம் ஒரு மாதிரி. ஓடுறது, நிக்கிறது, குலுங்குறது, மறுபடி ஓடுறது. அப்பறம் ஒரு நாளு காலையில பாத்தா மணிகயெல்லாம் ஒரு மூலையில குமிஞ்சு கெடந்துச்சு. தடம்னு இருந்த நூலக் காணோம். அவ கண்ணத் தொடச்சுட்டுப் பாத்தா, லென்சத் தொடச்சுட்டுப் பாத்தா. "எப்பிடித்தா இருக்கு?"ன்னு அப்பா வெளியருந்து கேட்டாக. "இருக்குப்பா"ன்னுட்டா. சொன்ன வாய்க்கு அப்பறம் சோறு எறங்கல.

மக்யாநாளு விடிஞ்சதும், புராஜெக்ட் வேலைன்னு சொல்லிட்டு பஸ் ஏறுனா. உத்தமபாளையம், சின்னமனூரு, ஒவ்வொரு ஸ்டாப்பா வண்டி நின்னு நின்னு போச்சு. வழி நெடுக ரெண்டு பக்கமும் அடுத்தவுக திராட்சைப் பந்தல், பச்சப்பசேல்னு. அவ ஒரு பக்கமும் பாக்கல. மடியில இருந்த பிளாஸ்டிக் டப்பாவையே பாத்துக்கிட்டு வந்தா. ஒடிச்ச கொடிச் சுருளு அதுக்குள்ள இருந்துச்சு.

ஜெபமணி மேடம் வீடு பழனிசெட்டிபட்டியில. அவங்க டீயக் குடுத்துட்டு எல்லாத்தயும் பொறுமையாக் கேட்டாங்க.

"மொத நாள் ஓட்டம் எவ்வளவு வேகம் இருந்துச்சு?"

"பாசிய விட ரெண்டு மடங்கு இருக்கும் மேடம். அதனாலதான் நான்..."

"பாசியோட பாத்த. மருந்து படாத திராட்சைக் கொடியில பாத்தியா?"

விஜிக்கு அப்பத்தான் ஒறச்சுச்சு. நாலு தோட்டம் தள்ளிப் போனா நல்ல கொடி ஆயிரம் கெடந்துச்சு. ஒண்ண ஒடிச்சுப் பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு முதல் வருசத்துப் புள்ளைக்குக் கூடத் தெரியும். மூணு பேரு மூஞ்சியும் இவளையே பாத்து நின்னதுல அவளுக்கு அது தெரியாமப் போச்சு.

"இல்ல மேடம்."

மேடம் டம்ளரக் கீழ வச்சாங்க. "அந்த மருந்து செடியோட சொந்த வளர்ச்சி ஹார்மோன் மாதிரியே வேசம் போட்டு உள்ள போகுதும்மா. வளரு வளருன்னு உத்தரவு வந்துருச்சுன்னு செடி நம்பிரும். மொதல்ல உள்ள எல்லாம் வேகமாத்தான் ஓடும். அந்த வேகமே விசத்தோட வேகமா இருந்திருக்கலாம். அப்புறம் அந்தத் தடம் கொலஞ்சிரும். தடம் இல்லாட்டி மயோசின் எதுல நடக்கும்?"

"அப்ப அன்னைக்கே வெட்டியிருந்தா..."

"அத இப்ப யாரும் சொல்ல முடியாது விஜி."

சொல்ல முடியாதுன்னு சொன்னதுதான் விஜிக்குத் தாங்கல. ஆமான்னு சொல்லியிருந்தா கூட அழுது தீத்திருப்பா.

அவ வீட்டுக்கு வந்தப்ப கோட்டைச்சாமி பந்தலுக்குக் கீழ காயிக் கொத்துகளுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டிருந்தாக. கொப்பு வீங்கி ஒடிஞ்சு விழாம இருக்க சணல்ல இழுத்துக் கட்டி, கம்பியோட சேத்து முடிச்சுப் போட்டு. பாதிப் பந்தல் கட்டி முடிச்சிருந்தாக.

"அப்பா, கட்டாதீக."

"ஏந்தா?"

"வெட்டணும்ப்பா. அன்னைக்கே வெட்டியிருக்கணும். நா தப்பாப் பாத்துட்டேன். ஓடுனது உசுரு இல்லப்பா. விசம் வெரட்டி ஓடிருக்கு."

சணலு கையில இருந்தபடியே நின்னாக. "நின்னு போச்சா?"

"நேத்தே நின்னுருச்சு. நா சொல்லல."

ரெண்டு அடி குடுத்திருக்கலாம். ஏசியிருக்கலாம். அவுக வீட்டுக்குப் போயி ஆணியில கெடந்த கத்தரிய எடுத்துட்டு வந்தாக. அழகருக்கு ஆள் போச்சு. விஜியும் ஒரு கத்தரி எடுத்தா. சங்கிலியம்மாள் வெட்டி விழுந்த கொப்புகள காயோட அள்ளி வரப்புல போட்டாக. போடுறப்ப ஒரு வார்த்த சொன்னாக: "எம் மஞ்சத்தண்ணியாலதான?" சொல்லிட்டு அடுத்த கொப்ப அள்ளக் குனிஞ்சாக.

கவாத்து பண்ணுனா கொடி அழுவும். வெட்டுன வாயிலருந்து சொட்டுச் சொட்டாத் தண்ணி விடும், பந்தலுக்குக் கீழ நிக்கிற ஆள் தல நனையும். அழுதாத்தான் சந்தோசம். கீழ வேரு தண்ணி இழுக்குதுன்னு அர்த்தம். ஆளுக சிரிச்சுக்கிட்டே தலயில துண்டப் போட்டுக்கிட்டு வெட்டுவாக.

அன்னைக்கு யாருக்கும் துண்டு தேவப்படல. மொதக் கொடிய வெட்டிட்டு கோட்டைச்சாமி கைய ஏந்துனாப்புல கீழ வச்சுக்கிட்டு நின்னாக. விழல. ரெண்டாவது. மூணாவது. வெட்டு வாயெல்லாம் வெறகு கணக்கா, பட்டைக்கு அடியில பழுப்பா இருந்துச்சு.

"நாளைக்கு விடும் மாப்ள"ன்னாக அழகர். "சில கொடி தாமசமா விடும்."

"ஆமா மச்சான்."

மக்யாநாளும் விடல. அதுக்கு மக்யாநாளும் விடல. கல்லுக்காலுக்கு மேல வெறுங் கம்பி, அதுக்கு மேல வானம். அத்தன வருசத்துல அந்த மண்ணுல இப்பிடி முழு வெயில் பட்டதே இல்ல, இப்ப பட்டுச்சு.

அன்னைக்கு மத்தியானம் கோட்டைச்சாமி வீட்டுக்குள்ள வந்து தையல் மிசினுக்குப் பக்கத்துல நின்னாக. கையில ஒரு துண்டுப் பட்ட. தூருலருந்து கத்தியால சீவி எடுத்துட்டு வந்திருந்தாக.

"இதப் பாரு. அடித்தூரு இது. இதுல ஒரு ஆளாவது நடக்குறானான்னு பாரு."

விஜி உரிச்சு வச்சுப் பாத்தா. பழுப்புச் செல்லு. ஒவ்வொண்ணுலயும் உள்ள இருந்தது சுருங்கி ஒரு மூலையில ஒட்டிக்கெடந்துச்சு. ஒவ்வொரு எடமா நகத்திப் பாத்தா. வேற துண்டு உரிச்சுப் பாத்தா. அப்பா மூச்சு விடுற சத்தம் பக்கத்துல கேட்டுச்சு.

"இல்லப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்ப்பா."

"நா ஒரு தரம் பாக்கட்டா?"

இத்தன நாளு வீட்டுல இருந்துச்சு, அவுக அதுல கண்ணு வச்சதே இல்ல. ஒடஞ்சிரும்னு பயம். விஜி நாற்காலிய விட்டு எந்திரிச்சா. அவுக உக்காந்து, ரெண்டு கையயும் முழங்கால்ல தொடச்சுக்கிட்டு, குனிஞ்சாக.

"எந்தக் கண்ண மூடணும்?"

"எது தோதோ அதுப்பா."

"இருட்டா இருக்கு."

அவ கண்ணாடியத் திருப்பி விட்டா.

"ஆங். வெளிச்சம் வந்துருச்சு." கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாக. அப்பறம் தோளு நிமிந்துச்சு. "விஜி. ஆடுதுத்தா. ஓரத்துல கருப்பா, நீட்டு நீட்டா... ஆடுது!"

அடுப்படியிலருந்து சங்கிலியம்மாள் ஈரக் கையோட ஓடியாந்து கதவு நெலயப் பிடிச்சுக்கிட்டு நின்னாக. "என்னாங்க? ஆடுதா?"

விஜிக்குத் தெரியும். லேபுல மொத நாளு வார புள்ளைக எல்லாம் அதத்தான் பாக்கும். அத வச்சு இவளே எத்தனையோ பேரக் கேலி பண்ணியிருக்கா.

"சிமிட்டாமப் பாருங்கப்பா"ன்னா.

அவுக சிமிட்டல. கண்ணுல தண்ணி கோத்து கன்னத்துல எறங்குச்சு. தொடைக்கல.

"நின்னு போச்சு"ன்னாக.

கொஞ்ச நேரங் கழிச்சு, "இந்தா, மறுபடி ஆடுது"ன்னாக.

ஆத்தா இவ மூஞ்சியப் பாத்தாக. போன தடவ இதே எடத்துல நின்னு, இவ சொன்ன ஒரு சொல்லுக்குத்தான் அந்தக் கத்தரி ஆணிக்குத் திரும்பிப் போச்சு.

"அது ஒங்க கண்ணிமை முடிப்பா"ன்னா விஜி.

அவுக கேட்டாக. கேட்டும், கண்ண அதுலருந்து எடுக்கல.